கிளாடியோலஸ் கிழங்கு அழுகுகிறது, விதைக்கு வைக்கலாமா?

ஏலகிரி மலையில் எங்கள் குடும்பப் பூந்தோட்டம். அரை ஏக்கர் கிளாடியோலஸ், வரப்போரம் அம்மா வைத்த டேலியா. கிழங்கு நட்டு 55 நாள், பூந்தண்டு வர வேண்டிய நேரம். ஆனால் 20 நாளாக இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வளைகின்றன. ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டினேன்: நடுவில் காப்பிப்பொடி நிறம், அங்கிருந்து நரம்பு நரம்பாகப் பழுப்பு ஓடுகிறது. நாற்றம் இல்லை. டேலியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்றுகூட தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்புப் பூ.

லிட்டருக்கு 2 கிராம் கார்பென்டாசிம் (பூஞ்சைக்கொல்லி மருந்து) கலந்து இரண்டு முறை வேரில் ஊற்றியாச்சு. தண்ணீரைக் குறைத்தோம். வாடியதைப் பிடுங்கி எரித்தோம். அப்புறமும் பக்கத்து வரிசைக்குப் பரவுகிறது. போன வருடமும் இதே பாத்தியில்தான் நட்டோம், அதுதான் மனதை உறுத்துகிறது.

நன்றாகத் தெரியும் கிழங்குகளை மருந்தில் நனைத்து அடுத்த நடவுக்கு வைக்கலாமா, இல்லை மொத்தத்தையும் கழித்துவிட வேண்டுமா?