பி.எஸ்சி. விலங்கியல்: மண்டபம் ஊர்ப் பக்கக் கடல் வேலைக்கு ஏற்ற செய்முறைத் தாளில் என்ன வைக்கலாம்?

பாம்பன்காற்று:
ராமநாதபுரம் பக்கக் கல்லூரி. மூன்றாம் ஆண்டில் 30 பேர், வாரம் 4 மணி நேரம். மைக்ராஸ்கோப், ஆட்டோகிளேவ், ஹாட் ஏர் அவன் இருக்கு. கடல்பாசி வளர்ப்பு, ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) வேலைக்குப் பிள்ளைகள் தயாராக எதைத் தொடலாம், எதை விடலாம்?

உப்புத்தண்ணி:
சார், ஹேச்சரியில் முதல் நாளே கேட்பது தண்ணீரும் நுண்பாசியும்தான். அதிலேயே பாதி செமஸ்டர் போகட்டும். கிருமி போக, வடிகட்டிய கடல்நீர் 20 லிட்டருக்கு 10% ஹைப்போகுளோரைட் 2 மி.லி. விட்டால் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மி.கி.) குளோரின். ராத்திரி மூடி வைத்து, மறுநாள் பலமாகக் காற்று விடுங்கள். ஆர்த்தோடொலிடின் சில சொட்டு விட்டுப் பார்க்கணும். மஞ்சள் தட்டினால் குளோரின் மிச்சம். அதை முறிக்கத் தயோசல்ஃபேட் போட்டு மறுபடி பாருங்கள். இதில் அவசரப்பட்டால் நானோகுளோராப்சிஸ் (ஒரு நுண்பாசி) விதை வெளுத்து அடியில் படிந்துவிடும்.

எண்ணுவதில்தான் ஆட்டம் காணும். ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி) நாலு மூலைப் பெரிய கட்டங்களின் சராசரி × 10,000 × நீர்த்த மடங்கு = ஒரு மி.லி.க்கு செல்கள். கடைசி மடங்கைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். ரோட்டிஃபரை (மீன் குஞ்சுக்குத் தீனியாகும் நுண்விலங்கு) லூகோல் (அயோடின் கரைசல்) சொட்டு விட்டுக் கொன்றபின் எண்ணணும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்டிஃபர் தொட்டியில் கிடந்த காற்றுக் குழாயை நுண்பாசிக் கேனில் போடவே கூடாது. ஒட்டி வரும் நாலைந்தே பெருகி, கேனையே மேய்ந்துவிடும்.

கஞ்சிப்பாசி:
கடல்பாசி வளர்ப்பைப் பார்க்க ஜனவரி–மார்ச்தான். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் அலை தெப்பத்தை உடைக்கும், மழைநீர் உப்பையும் குறைக்கும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் கப்பாஃபைகஸ் (நம்ம ஊர் பெப்சி பாசி). மொத்தம் 60 கிலோ விதை. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் கொறித்துத் தள்ளிவிடும். வளர்க்கிறவர் தெப்பத்திலேயே அளக்கச் சொல்லுங்கள், சொந்தமாய்க் கட்ட வேண்டாம்.

45 நாள் கழித்து 240 கிலோ என்றால்: ln(240/60) ÷ 45 × 100 (ln என்பது இயற்கை மடக்கை), நாளுக்குச் சுமார் 3.1% வளர்ச்சி. நீர் வடியவிடாமல் நிறுத்தால் இந்தக் கணக்கே பொய்.

பாசி ஆலை வேலைக்குக் காய்ந்த பாசியின் ஈரப்பதம் பார்க்கத் தெரியணும்: 10 கிராம், 105 டிகிரி, எடை மாறாத வரை. மூட்டையின் மேலே மட்டும் அள்ளாமல் நடுவிலும் அடியிலும் எடுக்கணும். கஞ்சிப் பாசியில் அகர், பெப்சி பாசியில் காராஜீனன் (இரண்டுமே கூழாக்கும் பொருள்). இரண்டாவதன் சாற்றைப் பாதியாய்ப் பிரித்து, ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துப் பாருங்கள். அது கெட்டியாய் உறையும். ஒரு மணி நேர விரிவுரை மிச்சம்!

கரைவலை:
ஒன்று மட்டும். மியூசியத்துக்கென்று கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எடுத்துவராதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் வழக்காகும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. காசு இருந்தால் முதலில் ரெஃப்ராக்டோமீட்டர் (நீரின் உப்பு அளக்கும் கருவி) வாங்குங்கள், காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் உப்பு அளக்கணும்.

பாம்பன்காற்று:
நன்றி. சத்துக் கரைசல் சேர்த்த கடல்நீரை ஆட்டோகிளேவில் வைத்தால் வெள்ளையாய்ப் படிகிறதே?

உப்புத்தண்ணி:
சேர்த்தே வேகவைப்பதால் பாஸ்பேட் படிகிறது. தனித்தனியாய் 121 டிகிரி, 15 நிமிஷம். நல்லா ஆறின பிறகு சேருங்கள். வைட்டமினை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்காமல் 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி விடுங்க.