ஏவி ரிசீவருக்குத் துணையாகத் தனி ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர் தேவையா?

ஒலிநேயன்: என்னிடம் ஏழு சேனல் ஏவி ரிசீவர் (படம், பாட்டு ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) உள்ளது, சேனலுக்கு 100 வாட் என்று குறிப்பேடு சொல்கிறது. முன்பக்க ஸ்பீக்கர்கள் 4 ஓம் மின்தடை கொண்டவை. அவற்றின் உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எழும் சத்தம்) 1 மீட்டரில், 2.83 வோல்ட்டுக்கு 87 டெசிபெல். அமரும் இடம் 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. இவற்றுக்கு 4 ஓமில் 200 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலிச் சமிக்ஞை தரும் ரிசீவரின் துளை) வழியாகச் சேர்க்கலாமா? வேறு இரண்டு அறைகளில் கூரையில் பதித்த 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடிகளையும் அதிலேயே இணைத்துவிட முடியுமா?

மின்னோட்டன்: முன்பக்கத்துக்குத் தாராளமாகச் சேருங்கள். அந்த 100 வாட் என்பது பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி, 8 ஓமில் அளந்த எண். ஏழு சேனல்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அது நிலைப்பதில்லை. அதற்கு மேல், 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்டேஜில் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சில ரிசீவர்களில் 4 ஓம் என்று மாற்றிவைக்க வசதி உண்டு. அது உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டை அடக்குகிறதே தவிர, கூடுதல் திறனைத் தருவதில்லை.

கணக்கர்: நண்பர் சொன்ன குறிப்பேட்டு விவரம் சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. 2.83 வோல்ட் என்பது 4 ஓமில் 1 வாட் அல்ல, 2 வாட். ஆகவே இந்த ஸ்பீக்கரின் உண்மையான உணர்திறன் 1 வாட்டுக்கு 84 டெசிபெல்தான். 100 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 104 டெசிபெல். 3 மீட்டரில், திறந்தவெளிக் கணக்குப்படி, ஏறக்குறைய 94.5. செலவு செய்து 200 வாட்டுக்குப் போனால் 97.5. திரைப்பட ஒலியின் குறிப்பு அளவில் (திரையரங்குச் சத்தத்துக்கான தரநிலை) ஒரு முன்பக்கச் சேனலின் உச்சம் 105 டெசிபெல் என்னும்போது, இந்த 3 டெசிபெல் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதே பணத்தில் 90 டெசிபெல்லுக்கு மேல் உணர்திறன் உள்ள 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) திருப்பிவிட்டால், ரிசீவரின் சுமையில் பெரும்பங்கு சப்வூஃபரின் சொந்த ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும்.

மின்னோட்டன்: உங்கள் 3 டெசிபெல் கணக்கு, ரிசீவர் 4 ஓமில் 100 வாட்டைத் தடையின்றித் தரும் என்று வைத்துக்கொண்டு போட்டது. அது 60 வாட்டிலேயே திணறினால் வேறுபாடு 5 டெசிபெல்லைத் தாண்டும். அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் 3 மீட்டரில் இழப்பும் நீங்கள் சொல்லும் அளவுக்கு இராது. இடது வலது இரண்டும் வெளியே போனால், மீதி ஐந்து சேனல்களுக்கும் மின்வழங்கியில் இடம் கிடைக்கிறது.

கணக்கர்: அப்படியானால் நடுச் சேனல்? வசனங்களில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது; படத்தின் மிகக் கனமான சுமையை ரிசீவரிலேயே விட்டுவிட்டு இடது வலதுக்கு மட்டும் திறன் கூட்டுகிறீர்கள். வாங்கியே தீருவதென்றால் மூன்று சேனல் ஆம்ப்ளிஃபயரை வாங்கட்டும். இசை மட்டும் கேட்பவர் என்றால் ஸ்டீரியோவுக்கு நானே கை தூக்குவேன்.

அறைதோறும்: நீங்கள் இருவரும் முன்பக்கத்திலேயே நிற்கிறீர்கள்; மற்ற இரண்டு அறைகளைப் பற்றிய கேள்விக்குப் பதிலே வரவில்லை. அதே ஆம்ப்ளிஃபயரில் கூரை ஸ்பீக்கர்களை இணைக்கவே கூடாது. இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். முன்பக்க 4 ஓமுடன் சேர்ந்தால் 2 ஓம். அந்தச் சுமையைத் தாங்குவதாக உத்தரவாதம் தரும் ஆம்ப்ளிஃபயர்கள் சிலவே. ஒருவேளை தாங்கினாலும் பயனில்லை: முன்பக்க ப்ரீ-அவுட்டில் வருவது படத்தின் இடது வலது ஒலி மட்டும் என்பதால், மற்ற அறைகளில் பின்னணி இசை கேட்கும், வசனம் கேட்காது. இங்கே படம் ஓடும்போது அங்கே வேறு பாட்டு வைக்கவும் முடியாது.

ரிசீவரில் இரண்டாம் மண்டலத்துக்கான (மற்ற அறைகளுக்கு வேறு ஒலியை அனுப்பும் வசதி) ப்ரீ-அவுட் தனியாக இருந்தால், அதற்கென்று சிறிய டி வகை (மின்திறனை அதிகம் வீணாக்காத வகை) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போதும். மூடிய அலமாரியிலும் அதிகம் சூடாகாது. 12 வோல்ட் ட்ரிகர் இணைப்பு இருந்தால் ரிசீவரோடு தானே எழுந்து தானே அணையும். இரண்டு அறைகளும் சேர்ந்து 4 ஓம்தான் என்பதால் பிரிட்ஜ் முறையை (இரண்டு சேனல்களைச் சேர்த்து ஒரே சுமையை இயக்குவது) மட்டும் தொடாதீர்கள். அதில் ஒவ்வொரு சேனலும் பாதிச் சுமையை, அதாவது 2 ஓமைப் பார்க்கும். கம்பியையும் கவனியுங்கள்: 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 மீட்டர் ஓட்டம் போய்வர ஏறக்குறைய 0.7 ஓம் தடை தரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் இரண்டு ஜோடிகளையும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கவிட்டால் இழப்பு இரட்டிக்கும்.

ஒலிநேயன்: என் ரிசீவரில் இரண்டாம் மண்டல ப்ரீ-அவுட் இருக்கிறது, முதலில் அதற்கான சிறிய ஆம்ப்ளிஃபயரை வாங்குகிறேன். வெளி அறைகளின் சுமை போன பிறகு முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

கணக்கர்: சரியான வரிசை. சப்வூஃபரின் 80 ஹெர்ட்ஸ் அமைப்பையும் அதற்குள் சோதித்துவிடுங்கள்.

மின்னோட்டன்: பிறகு முன்பக்கத்துக்கும் வாங்க நேர்ந்தால், வாட்டை மட்டும் பார்க்காமல் பெருக்கத்தையும் (உள்ளே வரும் வோல்டேஜை எவ்வளவு கூட்டுகிறது என்பதை) பாருங்கள். 29 டெசிபெல் பெருக்கம் உள்ள ஆம்ப்ளிஃபயரில், 4 ஓமுக்கு 200 வாட் வர ப்ரீ-அவுட் 1 வோல்ட் கொடுத்தால் போதும். இணைத்ததும் மைக்ரோஃபோனை வைத்து அறை அளவீட்டை (ஸ்பீக்கர்களின் சத்தத்தை ரிசீவர் சமன்செய்யும் சோதனை) மீண்டும் ஓட்ட வேண்டும். இல்லையேல் முன்பக்கம் மட்டும் தூக்கலாகக் கேட்கும்.