சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்: உங்கள் அனுபவம்?

எண்ணெய்க்கை:
பைக் கிளட்ச் கவரில் ஒன்பது ஸ்க்ரூ. எட்டு சமர்த்தாக வந்துவிட்டன. ஒன்பதாவதோடு மல்லுக்கட்டியதில் பிளஸ் தலை வட்டக் குழியாகிவிட்டது. அப்போதுதான் வாங்கிப் பெட்டியிலேயே போட்டிருந்த இம்பாக்ட் டிரைவர் ஞாபகம் வந்தது. ஸ்க்ரூ தலையில் உட்காரும் முனையான பிட்டை மாட்டி ஒரு போடு. அசையவில்லை. இன்னும் ஓங்கி ஒன்று. ஐந்தாவது அடிக்கு அப்புறம்தான் பிடியில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தேன். இறுக்கும் பக்கம்! திசையை மாற்றி அடித்தேன். 'டிக்' என்றது. வந்தது, தலை மட்டும். தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. அந்த 'டிக்' இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் கியர்:
எனக்கு இதுவரை கைவிட்டதே இல்லை. காரில் பிரேக் டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ, முழுக்கத் துரு. இரண்டே அடி, இளகிவிட்டது. மூன்றாவது அடி என் கட்டைவிரலில். நகம் முழுதும் கறுத்துப்போனது.

பழைய சுத்தியல்:
முதலாமவர் டிரைவரைக் குறை சொல்வது சரியில்லை. அந்தத் தலையை முன்பே கெடுத்தது சாதா ஸ்க்ரூ டிரைவர். ஜப்பான் பைக்குகளில் வருவது பார்க்க பிலிப்ஸ், அதாவது சாதா பிளஸ் தலை மாதிரி இருக்கும், ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில்தர அளவு. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் முனை அதன் அடிவரை உட்காராது, திருப்பினால் ஏறி வழுக்கும். இன்னொன்று, 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ஆம் எண் பிட் வேண்டும். எல்லோரும் கையில் கிடைக்கிற 2-ஆம் எண்ணைப் போட்டு உருட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் சுத்தியல். கால் கிலோவில் பத்துத் தட்டு தட்டுவதைவிட ஒரு கிலோவில் ஒரே அடி மேல். அடிக்கும் முன் பிடியைக் கழற்றும் பக்கம் கையாலேயே முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இதில் மாட்டாதீர்கள், தெறிக்கும். கார்புரேட்டர் மாதிரி மெல்லிய வார்ப்பில் இந்த வேலையே வேண்டாம். தலை போனால் பயப்பட ஒன்றுமில்லை. தலை போனதுமே இழுவிசை விட்டுவிடும். கவரைத் தூக்கினால் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ் கிரிப்பால் பிடித்தால் பெரும்பாலும் சுலபமாகச் சுற்றி வந்துவிடும். மறுபடி பூட்டும்போது ஒன்பதுக்கும் தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் கியர்:
விரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்ணெய்க்கை:
அண்ணே, நான் யோசனை கேட்கவே இல்லை, அனுபவம்தான் கேட்டேன். தண்டு நீங்கள் சொன்ன மாதிரிதான் வந்தது, அதை எழுத மறந்துவிட்டேன். இப்போது போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மிச்சம் எட்டிலும் புள்ளி இருக்கிறது.