குடும்பக் குழு: வடபழனி நிச்சயதார்த்தம், மே 17

கார்த்தி: சித்தப்பா, நெல்லை எக்ஸ்பிரஸ்ல எத்தனை பேரு?

முருகேசன் சித்தப்பா: 9. ரெண்டு ஆர்ஏசி

செல்வி சித்தி: மாமாவும் வாராங்க. சொன்னா கேக்க மாட்டேங்காங்க

ராஜம் அத்தை: அப்பா வரட்டும், பேத்தி நிச்சயம் பாக்கணும்ல. ஆனா இது நடு கத்திரி. செல்வி, அப்பா மாத்திரை கைப்பையில இருக்கணும், பெட்டிக்குள்ள வேண்டாம். இன்சுலினை வெயில்ல நிக்கிற வண்டியில வைக்காதீங்க, 30 டிகிரி தாண்டினா வீரியம் போயிரும். ஐஸ் மேல நேரா வைக்கவும் கூடாது, உறைஞ்சா அத்தோட சரி. முக்கியமா, தட்டு மாத்தி முடிக்கச் சாப்பாடு லேட்டாகும். இலை போட்ட பிறகுதான் அப்பாவுக்கு ஊசி.

செல்வி சித்தி: சரி மதினி

தினேஷ்: காலைல மெரினா உண்டா

பெரியம்மா: தட்டு 11ஆ 13ஆ?

முருகேசன் சித்தப்பா: பிள்ளையளும் பீச்சுதான் கேக்குதுவ. இறங்கினதும் போயிட்டு வந்துருவோம்

ராஜம் அத்தை: வேண்டாம்டா முருகேசா. நம்மூரு வெயில் காய்ஞ்ச வெயில், வேர்வை உடனே உலர்ந்து உடம்பு குளிரும். இங்க காத்துல அவ்வளவு ஈரம், வேர்வை வழியுமே தவிர காயாது. 11ல இருந்து 4 வரைக்கும் பிள்ளைகளை வெளிய விடாதீங்க. மோர்ல உப்புப் போட்டு கொண்டு வாங்க. வயித்தால போனா மட்டும் ஓஆர்எஸ், பெரிய பாக்கெட்னா முழுசா 1 லிட்டர் தண்ணில கரைச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடிக்கணும். அந்தப் பேர்ல டப்பா ஜூஸ் வித்தா வாங்காதீங்க. 2025 அக்டோபர்லயே அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லியாச்சு.

தினேஷ்: அப்போ சாயங்காலம் பீச்

செல்வி சித்தி: சாயங்காலம்தான் நிச்சயமே

பெரியம்மா: தட்டு?

கார்த்தி: எழும்பூர்ல இருந்து வடபழனிக்கு மெட்ரோ இருக்கு. பச்சை லைன், மாற வேண்டாம், ஏசி

பெரியம்மா: தாம்பாளத்தைத் தூக்கிட்டு மெட்ரோவா? வளைகாப்புக்கு வந்தப்பவும் ஸ்டேஷன்ல நாங்களாத்தான் ஆட்டோ பிடிச்சோம்

முருகேசன் சித்தப்பா: மதினி, அத இப்ப எதுக்கு

பெரியம்மா: சும்மா சொன்னேன்

கார்த்தி: பெரியம்மா இந்தத் தடவை நானே வரேன். வேன் சொல்லவா?

ராஜம் அத்தை: வேனோ மெட்ரோவோ, நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஒண்ணு கேளுங்க. எங்க ஒதுங்கறதுன்னு பயந்து ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்காம வருவீங்க, எனக்குத் தெரியும். அப்புறம் தலைவலி, நீர்க்கடுப்பு. மெட்ரோ ஸ்டேஷன்ல கழிவறை இருக்கு, கார்த்தி காட்டுவான். சிறுநீர் அடர் மஞ்சளாப் போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

செல்வி சித்தி: ஆமா மதினி, போன தடவை எனக்கு அதான்

தினேஷ்: மறுநாள் காலைல 6 மணிக்கு பீச் போலாமா அத்தை

ராஜம் அத்தை: 6 மணின்னா நானும் வரேன். தொப்பி எடுத்துக்கோ.

முருகேசன் சித்தப்பா: மறுநாள் ராத்திரி வண்டிக்கு டிக்கெட் கிடைச்சாதானே

கார்த்தி: சித்தப்பா வேனா மெட்ரோவா

முருகேசன் சித்தப்பா: அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்

பெரியம்மா: 13னே வச்சுக்கிடுதேன்