32 நாள் பதிவில் சார்ட் டேட்டம் 16 செ.மீ. கீழே வருகிறது, எங்கே தவறு?

கரைமேட்டான்:
வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். தூர் வாருவதற்கு முன் ஆழம் அளக்க வேண்டும், அதற்கு சார்ட் டேட்டம், அதாவது ஆழத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம், வேண்டும். படகுத்துறைச் சுவரில் பிரஷர் சென்சார் கட்டி, பிப்ரவரி கடைசியிலிருந்து 32 நாள், 10 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தேன்.

கேஜ் பூஜ்யத்துக்கு (என் அளவின் 0) மேல் சராசரி கடல்மட்டம் 192 செ.மீ. ஓதத்தை (கடல் ஏற்றவற்றத்தை) தனித்தனி அலைகளாகப் பிரிக்கும் ஹார்மோனிக் அனாலிசிஸில் கிடைத்த வீச்சுகள், செ.மீ.-ல்: அரைநாள் அலைகள் எம்2 22, எஸ்2 9; நாள் அலைகள் கே1 7, ஓ1 3. நாலையும் கூட்டி 41. 192-லிருந்து கழித்தால், டேட்டமாக எடுக்கும் இந்தியன் ஸ்பிரிங் லோ வாட்டர் (பெரிய ஓதத்தின் தாழ்ந்த நீர்மட்டம்) 151-ல் வருகிறது. ஆனால் பழைய பிளானில் இருக்கும் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) லெவல் ஓட்டினால் டேட்டம் 167-ல் நிற்கிறது. லெவலை இரண்டு தடவை தொடங்கிய இடத்துக்கே திரும்பி மூடிப் பார்த்துவிட்டேன். பெஞ்ச்மார்க் அமிழ்ந்திருக்குமோ?

ஓதக்கணக்கு:
பெஞ்ச்மார்க் மேல் பழி போடாதீங்க தம்பி. அது அமிழ்ந்திருந்தால் அதிலிருந்து இறக்கிய டேட்டமும் கீழே போயிருக்கும். உங்களுக்கு மேலே அல்லவா நிற்கிறது!

மாதத்தைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் கடல்மட்டம் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் நன்றாக இறங்கும். அக்டோபர், நவம்பரில் ஏறும். கரையோர நீரோட்டம் திசை மாறுவது, நீரின் வெப்பமும் உப்பும் மாறுவது, காற்று எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஒரு மாதச் சராசரியை ஆண்டுச் சராசரி என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

சென்னை டைட் கேஜில் (ஓதமானியில்) அதே 32 நாளின் சராசரியை எடுங்கள். அங்குள்ள நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதை உங்கள் 192-ல் சரிசெய்யுங்கள். சென்னையின் மாதச் சராசரிகள் 1916 முதல் கிடைக்கும், இடையில் பல வருடங்கள் விடுபட்டிருந்தாலும். பக்கத்துக் கரைதான், பருவ மாற்றம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

நீர்மட்டம்_77:
இன்னொன்று. 32 நாளில், வேகம் மிக நெருங்கிய அலைகளான கே1-ஐயும் பி1-ஐயும் பிரிக்க முடியாது, எஸ்2-ஐயும் கே2-ஐயும் பிரிக்க முடியாது. இரண்டு ஜோடிக்கும் சுமார் 182 நாள் வேண்டும். மார்ச் சம இரவுப் பக்கம் அளந்ததால் கே2 எஸ்2-வோடு சேர்ந்து அதைப் பெரிதாகக் காட்டும். பி1 எதிர்த்து நின்று கே1-ஐச் சிறிதாகக் காட்டும். சென்னையின் விகிதத்தை வைத்துப் பிரியுங்கள். உங்களுக்கு எஸ்2 7 பக்கமும் கே1 10 பக்கமும் வரும். கூட்டல் 42 ஆகும், அவ்வளவுதான். 16 செ.மீ. இதிலிருந்து வரவில்லை, ஆனாலும் திருத்தாமல் விடாதீர்கள்.

சென்சாரில் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தானே கழிக்கும் காற்றுக்குழாய் உண்டா? இல்லையென்றால் வளிமண்டல அழுத்தத்துக்கு எதைக் கழித்தீர்கள்?

கரைமேட்டான்:
குழாய் இல்லை சார். 1013 ஹெக்டோபாஸ்கல் என்று நிலையாகக் கழித்தேன்.

நீர்மட்டம்_77:
அங்கேயும் கொஞ்சம் போகிறது. 1 ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர். காற்றழுத்தம் 1010 இருக்கும்போது 1013 கழித்தால் கடல் 3 செ.மீ. இறங்கித் தெரியும். பக்கத்து வானிலை நிலையத்தின் மணிவாரி அழுத்தத்தை வாங்கிப் போடுங்கள். ஒரு முழு ஓதத்துக்கு, 13 மணி நேரம், ஸ்டாஃபை (நீரில் நிற்கும் அளவுகோலை) கண்ணால் படித்து சென்சாரோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

கரைமேட்டான்:
செய்துவிட்டேன். சென்னை அந்த 32 நாளில் 13 செ.மீ. தாழ்வு. உண்மையான அழுத்தம் போட்டதும் 2 செ.மீ. ஏறியது. ஸ்டாஃபோடு வித்தியாசம் 1 செ.மீ.க்குள். இப்போது சராசரி 207, டேட்டம் 165. பழையதற்கும் இதற்கும் 2 செ.மீ. எதை எழுதுவது?

ஓதக்கணக்கு:
பழைய 167-ஐயே வையுங்கள். ஒரு மாதப் பதிவை வைத்து 2 செ.மீ.க்கு யாரும் சத்தியம் செய்ய முடியாது. டேட்டத்தை நகர்த்தினால் முன்பு அளந்த ஆழம் எதோடும் ஒட்டாது. அறிக்கையில் பெஞ்ச்மார்க்கின் இடம், அதிலிருந்து டேட்டம் எவ்வளவு கீழே, பதிவின் தேதிகள், சென்னைத் திருத்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

151-ஐ அப்படியே விட்டிருந்தால் துறைமுகம் முழுக்க 16 செ.மீ. கூடுதலாகத் தோண்டக் காசு கொடுத்திருப்பார்கள். இதே வேலையை நவம்பரில் செய்திருந்தால் இன்னும் மோசம்: டேட்டம் உயரே போயிருக்கும், இல்லாத ஆழம் இருப்பதாகக் காட்டும், மார்ச் வற்றில் படகு தரை தட்டும்.