செட்டப் டைம் சேத்த ப்ளானிங் மாடல், யாராச்சும் வழி சொல்லுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ப்ளாஸ்டிக் மோல்டிங் கம்பெனில ப்ளானரா இருக்கேன். 4 மெஷின், 11 பார்ட், 14 நாள் ப்ளான். எக்செல்ல கையால போட்டுட்டு இருந்தத இப்ப பைத்தான்ல ஆப்டிமைசேஷன் மாடலா (எந்த நாள் எந்த மெஷின்ல எந்த பார்ட்ட எவ்ளோ ஓட்டுறதுன்னு கம்ப்யூட்டரே தேடுற மாதிரி) எழுதிருக்கேன், ஆனா ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் கேப் (இதுவரைக்கும் கெடச்ச ப்ளானுக்கும், இதவிட நல்லா வரவே முடியாதுங்கற எல்லைக்கும் உள்ள வித்தியாசம்) 30 சதவீதத்துக்கு கீழ எறங்கவே மாட்டேங்குது.

செட்டப்னா மோல்டோ கலரோ மாத்துற வேல. கருப்புலேர்ந்து வெள்ளைக்கு மாத்தணும்னா பேரல்ல (ப்ளாஸ்டிக் உருகுற குழாய்ல) ஒட்டியிருக்குற கருப்பு முழுசா போற வரைக்கும் வெள்ளைய தள்ளிக்கிட்டே இருக்கணும், வெளிய வர்ற பீஸ்ல கடைசி கருப்பு கோடு மறைய 3 மணி நேரம் ஆயிடுது, ஆனா வெள்ளைலேர்ந்து கருப்புக்கு 40 நிமிஷமே போதும், அதனால எது பின்னாடி எது வருதுங்கறது ரொம்ப முக்கியம். 1958ல வந்த வாக்னர் விட்டின் முறை (எப்ப எவ்ளோ உற்பத்தி பண்றதுன்னு கணக்கு போடுறது) ஒரே பொருளுக்கு, கெப்பாசிட்டி லிமிட் இல்லாதப்பதான் சரி, எனக்கு ஒத்து வராது.

உற்பத்திய செட்டப்போட இணைக்கிற கன்ஸ்ட்ரெயின்ட்ல (நிபந்தனைல) பிக் எம்முக்கு, அதாவது செட்டப் இருந்தாதான் உற்பத்தின்னு கட்ட போடுற பெரிய எண்ணுக்கு, 100000 போட்டிருக்கேன், அதான் ரிலாக்சேஷன (முழு எண்ணா இருக்கணும்ங்கறத விட்டுட்டு போடுற கணக்க) லூசாக்குதுன்னு தோணுது. மீதி டிமாண்ட், அன்னைக்கு அந்த மெஷின்ல ஓட்ட முடியுற அளவு, இதுல எது சின்னதோ அத போட்டா போதுமா? அப்புறம் நேத்து கடைசியா ஓடுன மோல்டே இன்னைக்கும் தொடர்ந்தா செட்டப் வேணாம்னு எப்படி எழுதுறது? ராத்திரி ஷிப்ட் அண்ணனுங்க தேவையில்லாம மோல்ட் கழட்டி மாட்டுறத பாக்க மனசு கேக்கல. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.