ஷார்ட்ஸ் ஓடுது, நீள வீடியோ படுத்துருச்சு: யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே, நாங்க குமுளிப் பக்கம். அத்தை ஏலத்தோட்ட வேலை, சமையல்னு பேசுவாங்க; நான் போன்ல எடுத்து யூடியூப்ல போடுறேன். ஷார்ட்ஸ் நல்லாவே ஓடுது. ஆனா ஷார்ட்ஸ் ஃபீட்ல பார்க்குற நேரம் விளம்பரக் காசு வர யூடியூப் கேக்குற 4,000 மணி நேரக் கணக்குல சேராதே! நீள வீடியோவுல, கம்பத்துல இருந்து ஜீப் ஏறி வந்து காய் எடுக்க ஆரம்பிக்குறதுக்குள்ள பாதிப் பேர் காணோம். ஜீப்பை வெட்டிடலாமா?

புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபர் தொட்டுச்சு. அங்க பேச்சு கம்மி, எந்த ஊர்க்காரரும் பார்க்கலாம். எங்க அத்தையோ தமிழும் மலையாளமும் கலந்து வாய் மூடாமப் பேசுவாங்க (அதுதான் அழகே, மாத்த மாட்டேன்). தலைப்பு எந்த மொழியில வைக்கிறது? ரெண்டுலயும் சப்டைட்டில் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

மலைக்காத்து இரைச்சலுக்கு விலை குறைவான காலர் மைக்கும் சொல்லுங்க. ‘நீ சப்ஸ்கிரைப் பண்ணு, நானும் பண்றேன்’ கோஷ்டி மட்டும் வேண்டாம்.